மாரடைப்புக்குப் பிறகு கட்டிலா, நடையா?

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் இருதய நோயாளி இருக்கிறவர்கள் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

போன ஞாயிறு கொட்டாஞ்சேனைக்குப் போயிருந்தேன். கல்வியியற் கல்லூரியில் என்னோடு படித்த நண்பனின் அம்மாவுக்கு மாரடைப்பு வந்து மூன்று கிழமை. ஆஸ்பத்திரியில் இருந்து துண்டு வெட்டி வந்தே இரண்டு கிழமைக்கு மேல். முன்னறையில் கட்டில் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். என்னைக் கண்டதும் அம்மா எழும்பிக் கதிரை இழுத்துப் போடப் பார்த்தார். மூன்று பேர் ஒரே நேரத்தில் "அசையாதீங்க அம்மா" என்று சத்தம் போட்டார்கள். நண்பன் பெருமையாகச் சொன்னான்: "மச்சான், வந்த நாள்ல இருந்து அம்மாவ வாசல் தாண்ட விடல்ல."

"டொக்டர் அப்படிச் சொன்னாரா?"

"இல்ல, கொஞ்சம் கொஞ்சமா நடக்கச் சொன்னாங்க. நாங்கதான் பயத்தில விடல்ல."

அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாலு வருடத்துக்கு முன் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டிலும் இதே கட்டில், இதே பயம். வாப்பாவுக்கு அப்போது 58 வயது. புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் காலை முதல் இரவு வரை நின்று வேலை செய்த மனிதர். மாரடைப்பு வந்து ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தார். அதன் பிறகு இரண்டு மாதம் நாங்கள் அவரைக் கட்டிலை விட்டு இறக்கவில்லை. தண்ணீர் கையில், சாப்பாடு கையில், தொழுகையும் கட்டிலில் இருந்தபடியே. சுகம் விசாரிக்க வந்த ஒவ்வொருவரும் "அசைய வேணாம் காக்கா, ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இரண்டு மாதத்தில் வாப்பாவின் கெண்டைக்கால் என் கை மணிக்கட்டைப் போல ஆகிவிட்டது. ஜும்ஆவுக்குக் கூட்டிப் போகிறேன் என்றால், "வழியில விழுந்துட்டா?" என்று கேட்பார்.

கிளினிக்கில் இயன்மருத்துவர் ஒரு பெண். "வீட்டில என்ன செய்றார்?" என்று கேட்டார். "ஒண்டும் செய்ய விடுறதில்ல மிஸ்" என்றேன், நானும் பெருமையாகத்தான். அவர் வாப்பாவை நடைக்கூடத்தில் ஆறு நிமிடம் நடக்கச் சொன்னார். மூன்றாம் நிமிடத்திலேயே வாப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அவர் கோபப்படாமல் என்னிடம் சொன்னார்: "இந்தப் பலவீனத்தில பாதிதான் ஹார்ட் அட்டாக்கால வந்தது. மற்றப் பாதி நீங்க குடுத்தது."

அந்த வார்த்தை என்னைத் தூங்க விடவில்லை. நான் வரலாறு படிப்பிக்கிறவன். இந்தக் கட்டில் பழக்கம் எங்கே இருந்து வந்தது என்று தேடத் தொடங்கினேன். நாட்டுப்புற மூடநம்பிக்கை என்றுதான் நினைத்திருந்தேன். அது பிழை. ஒரு காலத்தில் உலகத்தின் பெரிய பெரிய ஆஸ்பத்திரிகளே சொல்லிக்கொடுத்த பாடம் இது. ஆஸ்பத்திரி அந்தப் பாடத்தைக் கைவிட்டு அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. நம் வீடுகள்தான் இன்னும் பழைய பாடப் புத்தகத்தை வைத்திருக்கின்றன.

கட்டிலுக்கு முந்திய காலத்தில் இருந்து தொடங்குவோம்.

இப்னு சீனா தன் 'அல்-கானூன்' நூலில் ஆரோக்கியத்தைக் காப்பவை என்று மூன்றைச் சொல்கிறார்: உடற்பயிற்சி, உணவு, உறக்கம். அதில் முதலில் வருவது பயிற்சி. மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வரும்படி, நாமாக விரும்பிச் செய்யும் அசைவுதான் பயிற்சி என்று விளக்கமும் தருகிறார். 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னுன் நபீஸ், இருதயத்துக்கு உணவு அதன் அறைகளுக்குள் நிறைந்திருக்கும் இரத்தத்தில் இருந்து வருவதில்லை, அதன் சதைக்குள் ஓடும் குழாய்களில் இருந்தே வருகிறது என்று எழுதினார். மாரடைப்பில் அடைபடுவது இந்தக் குழாய்கள்தான். இவர்கள் இருவரும் மாரடைப்புக்கு வைத்தியம் சொன்னார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இல்லாத பெருமையை நம் அறிஞர்களின் தலையில் கட்டுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. ஆனால் உடம்பை அசைய விடாமல் வைத்திருப்பதுதான் பாதுகாப்பு என்பது நம் பழைய வைத்தியத்தின் போக்கு இல்லை என்பது தெளிவு.

18ஆம் நூற்றாண்டில் லண்டன் வைத்தியர் வில்லியம் ஹெபர்டன், நடக்கும்போது வரும் நெஞ்சு இறுக்கத்துக்கு 'அஞ்சைனா' என்று பெயர் வைத்தார். அவருடைய நோயாளி ஒருவர் தினமும் அரை மணித்தியாலம் மரம் அறுத்து ஏறக்குறைய குணமானதை அவர் குறித்து வைத்திருக்கிறார். 1854இல் டப்ளின் வைத்தியர் வில்லியம் ஸ்டோக்ஸ், சில இருதய நோயாளிகளுக்கு அளவாகத் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போகும் நடைப் பயிற்சியைப் பரிந்துரைத்தார்.

அப்படியானால் கட்டில் எப்போது வந்தது?

1912இல் சிக்காகோ வைத்தியர் ஜேம்ஸ் ஹெரிக், இருதயக் குழாயில் இரத்தம் உறைந்தால் உடனே மரணம் என்பது நிச்சயமில்லை, தப்பிப் பிழைக்கிறவர்களும் இருக்கிறார்கள் என்று காட்டினார். பிழைத்தவர்களை என்ன செய்வது? இருதயச் சதையில் புதிதாக ஒரு காயம் இருக்கிறது. அசைத்தால் அது வெடித்துவிடுமோ என்ற பயம் வந்தது. 1939இல் பொஸ்டனில் மூன்று வைத்தியர்கள், இறந்துபோன 72 பேரின் இருதயங்களைப் பரிசோதித்து, காயம் ஆறித் தழும்பாக வாரக்கணக்கில் எடுக்கும் என்று எழுதினார்கள். அந்த மூவரில் ஒருவர் பெயர் போல் டட்லி வைட். பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

காயம் ஆற வாரங்கள் எடுக்கும் என்பது உண்மை. அதில் இருந்து எடுத்த முடிவுதான் பிழையானது. நாலு முதல் ஆறு கிழமை வரை முழுப் படுக்கை. நோயாளி தானாகப் புரண்டு படுக்கவும் கூடாது. சாப்பாட்டைத் தாதி ஊட்ட வேண்டும். மலசலமும் கட்டிலிலேயே. இத்தனை நாள் அசையாமல் கிடந்ததால் காலில் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய்ப் பலர் இறந்தார்கள். அந்த மரணங்களும் இருதய நோயின் கணக்கில் சேர்ந்தன.

இதை முதலில் துணிந்து எதிர்த்தது ஒரு கதிரை. 1950களின் தொடக்கத்தில், அதே பொஸ்டனில் சாமுவேல் லெவின் என்ற மூத்த வைத்தியரும் பேர்னார்ட் லவுன் என்ற இளம் வைத்தியரும் சேர்ந்து, மாரடைப்பு வந்தவர்களை முதல் நாட்களிலேயே தூக்கிக் கைபிடிக் கதிரையில் உட்கார வைத்தார்கள். படுக்கும்போது இரத்தம் நெஞ்சுப் பக்கம் திரள்கிறது, உட்கார்ந்தால் கால் பக்கம் இறங்கி இருதயத்தின் சுமை குறைகிறது என்பது லெவினின் வாதம். வார்டில் இருந்த மற்ற வைத்தியர்கள் கொதித்துப் போனார்கள். தான் உள்ளே வரும்போது ஹிட்லருக்கு அடிக்கிற சலூட் அடித்துக் கேலி செய்தார்கள் என்று லவுன் பின்னாளில் எழுதியிருக்கிறார். நோயாளிகளைக் கொல்லும் பரிசோதனை என்றே அவர்கள் நினைத்தார்கள்.

81 நோயாளிகளைப் பற்றிய அந்த ஆய்வு 1952இல் வெளிவந்தது. கதிரையில் உட்கார்ந்ததால் யாருடைய இருதயமும் வெடிக்கவில்லை. நோயாளிகளின் பயம் குறைந்தது, நெஞ்சுவலிக்குக் கொடுக்கும் மருந்தின் தேவையும் குறைந்தது. அன்று கேலிக்கு ஆளான லவுன்தான் பிற்காலத்தில் நின்றுபோகும் இருதயத்தை மின் அதிர்ச்சியால் மீட்கும் கருவியை உருவாக்கினார். அவர் இணைந்து தொடங்கிய அணு ஆயுத எதிர்ப்பு வைத்தியர் அமைப்புக்கு 1985இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

அடுத்த பாடம் பஸ்ஸில் இருந்து வந்தது. நம் மூத்தவர்களுக்கு இது பிடிக்கும். கொழும்பில் ஓடிய சிவப்பு இரட்டைத்தட்டு பஸ் ஞாபகம் இருக்கிறதா? 1958இல் இ.போ.ச. தொடங்கிய பிறகு, லண்டனில் ஓடிய பழைய இரட்டைத்தட்டு பஸ்கள் நூற்றுக்கணக்கில் இங்கே வந்தன. அந்த மாதிரி பஸ்கள் லண்டனில் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், ஜெரி மொரிஸ் என்ற வைத்தியர் போக்குவரத்து ஊழியர்கள் ஏறத்தாழ 31,000 பேரின் நோய்க் கணக்கை எடுத்தார். ஒரே பஸ், ஒரே புகை, ஒரே நேரசூசி. ஆனால் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் சாரதிகளை விட, மாடிப்படி ஏறி இறங்கி டிக்கட் கொடுக்கும் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. வந்தாலும் சாரதிகளை விடப் பிந்திய வயதில், உயிர்ச்சேதம் குறைவாக வந்தது. 1953இல் வெளிவந்த இந்த ஆய்வுதான் உடலுழைப்புக்கும் இருதயத்துக்கும் உள்ள தொடர்பைக் கணக்கோடு முதலில் காட்டியது.

இரண்டு வருடம் கழித்து, 1955 செப்டெம்பர் 24ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கு மாரடைப்பு. வயது 64. வைத்தியம் பார்க்க அழைக்கப்பட்டவர் யார் தெரியுமா? 1939இல் 72 இருதயங்களைப் பரிசோதித்த அதே போல் டட்லி வைட். இப்போது அவர் சொன்னது வேறு: படிப்படியாக எழும்பலாம், நடக்கலாம், வேலைக்குத் திரும்பலாம். ஏழு கிழமையில் ஐசன்ஹோவர் ஆஸ்பத்திரியில் இருந்து வெளியே வந்தார். அடுத்த வருடம் தேர்தலில் நின்று வென்று, முழுப் பதவிக் காலத்தையும் முடித்தார். மாரடைப்பு வந்தால் வாழ்க்கை முடிந்தது என்று நம்பிய ஒரு தலைமுறை, பத்திரிகையில் தினமும் இதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு வைத்தியர் தன் பழைய கருத்தை விட்டு நகர்ந்ததை நான் பலவீனமாகப் பார்க்கவில்லை. புதிய ஆதாரம் வந்தால் மாறுவதுதான் அறிவு. என் மாணவர்களுக்கு இதை அடிக்கடி சொல்வேன்.

கட்டில் உடம்பை என்ன செய்கிறது என்பதை நேரடியாக அளந்தது 1966இல் அமெரிக்காவின் டலஸ் நகரில். 20 வயதுள்ள, நோய் எதுவும் இல்லாத ஐந்து இளைஞர்களை மூன்று கிழமை கட்டிலிலேயே படுக்க வைத்தார்கள். உடம்பு ஒட்சிசனைப் பயன்படுத்தும் உச்ச அளவு நாலில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துபோனது. முப்பது வருடம் கழித்து அதே ஐந்து பேரையும் தேடிப் பிடித்து மீண்டும் அளந்தார்கள். 50 வயதில் இருந்த அவர்களின் உடல் திறனில் முப்பது வருட முதுமை செய்த சேதத்தை விட, 20 வயதில் மூன்று கிழமைக் கட்டில் செய்த சேதம் அதிகம்.

இதை வாசித்த இரவு வாப்பாவின் கெண்டைக்கால்தான் எனக்கு ஞாபகம் வந்தது. ஆரோக்கியமான இளைஞனுக்கு மூன்று கிழமையில் இந்த நிலை என்றால், மாரடைப்பு வந்த 58 வயது மனிதருக்கு இரண்டு மாதம் என்ன செய்திருக்கும்?

பிறகு மாற்றம் வேகமானது. அமெரிக்காவின் அட்லாண்டாவில் நானெட் வெங்கர் என்ற பெண் வைத்தியர், கட்டிலில் கைகாலை அசைப்பதில் தொடங்கி மாடிப்படி ஏறுவதில் முடியும் 14 படிநிலைகளை வகுத்தார். 1973இல் டொரொன்டோவில், நம் உறவுகள் பாதிப் பேர் போய்க் குடியேறிய அதே டொரொன்டோவில், டெரன்ஸ் கவானா என்ற வைத்தியரிடம் பயிற்சி பெற்ற மாரடைப்பு நோயாளிகள் பொஸ்டன் மரதன் ஓட்டத்தை ஓடி முடித்தார்கள். 42 கிலோமீற்றர். எல்லோரும் மரதன் ஓட வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. இருபது வருடத்துக்கு முன் புரண்டு படுக்கவே தடை இருந்த நோய் இது.

"சரி சேர், நடந்தால் பழுதான இருதயம் சரியாகுமா?" என்று ஒருவர் கேட்டார். நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

இறந்துபோன இருதயச் சதை திரும்ப வராது. அது தழும்பாகிவிடும். பயிற்சியால் முதலில் மாறுவது மற்ற இடங்களில். கால் சதை இரத்தத்தில் இருந்து ஒட்சிசனை நன்றாக எடுக்கப் பழகுகிறது. இரத்தக் குழாய்கள் நன்றாக விரிகின்றன. ஓய்வில் நாடித் துடிப்பு குறைகிறது. அதனால் அதே வேலைக்கு இருதயம் குறைவாக உழைத்தால் போதும்.

எக்கோ ரிப்போர்ட்டில் 'ஈ.எப்.' என்று ஒரு இலக்கம் இருக்கும். இருதயம் ஒரு தடவை சுருங்கும்போது இடது கீழறையில் இருக்கும் இரத்தத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு வெளியே போகிறது என்பது அது. பெரிய மாரடைப்புக்குப் பிறகு அந்த அறை மெல்ல மெல்ல ஊதிப் பெருக்கலாம், இலக்கமும் இறங்கலாம். பயிற்சி இதை மோசமாக்குமோ என்ற பயம் வைத்தியர்களுக்கே இருந்தது. 1988இல் கனடாவின் எட்மன்டனில் நடந்த ஒரு சிறிய ஆய்வு, பெரிய காயம் உள்ளவர்களுக்குப் பயிற்சியால் இருதயத்தின் வடிவம் கெடலாம் என்று எச்சரித்தது. 1990களில் இத்தாலிய வைத்தியர்கள் இன்னும் பெரிய ஆய்வுகள் செய்தார்கள். அதில் ஒன்றில் ஈ.எப். 40க்கும் கீழே இருந்த 80 பேர். ஆறு மாதப் பயிற்சி செய்தவர்களின் இருதயம் ஊதவில்லை, ஈ.எப். சற்றுக் கூடியது. பயிற்சி செய்யாதவர்களுக்குத்தான் அறை பெருத்துக்கொண்டு போனது. 2011இல் அதே எட்மன்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னது இன்னும் முக்கியமானது: நோயாளியின் நிலை உறுதியான பிறகு பயிற்சியைத் தொடங்க ஒரு கிழமை சுணங்கினால், இருதயத்தின் வடிவத்துக்கு அதே பலனைப் பெற ஒரு மாதம் கூடுதலாகப் பயிற்சி செய்ய வேண்டி வரும்.

கணக்கைப் பாருங்கள். நாங்கள் வாப்பாவை எட்டுக் கிழமை படுக்க வைத்தோம்.

மொத்தப் பலன் என்ன? 2016இல் 63 ஆய்வுகளையும் 14,000க்கு மேற்பட்ட நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்தபோது, பயிற்சியோடு கூடிய புனர்வாழ்வு இருதய நோயால் நேரும் மரணத்தை ஏறத்தாழ நாலில் ஒரு பங்கும், திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போவதை ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகவும் குறைத்தது. எல்லாக் காரணங்களாலும் வரும் மொத்த மரணத்தில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இது மந்திரம் இல்லை. குளிசைக்குப் பதிலும் இல்லை. குளிசையோடு சேர்ந்து செய்யும் வைத்தியம்.

அந்த ஆய்வுகளில் பெண்கள் மிகக் குறைவு. உலகம் முழுவதும் இருதயப் புனர்வாழ்வுக்கு அனுப்பப்படும் பெண்களும் குறைவுதான். நம் வீடுகளில் இது இன்னும் மோசம். வாப்பாவுக்கு வந்தால் கட்டில். உம்மாவுக்கு வந்தால் ஒன்று கட்டில், இல்லாவிட்டால் நேரே குசினி. அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு தனக்காக அரை மணித்தியாலம் நடக்கப் போகலாம் என்று நாம் யாரும் நினைப்பதில்லை.

"இதுக்கெல்லாம் மெஷின் வேணுமே" என்று நினைக்க வேண்டாம். பக்கத்து இந்தியாவில் 24 ஆஸ்பத்திரிகளில், மாரடைப்பு வந்த 3,959 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்து 2020இல் வெளிவந்தது. மூச்சுப் பயிற்சியும் இலகுவான யோகா அசைவுகளும்தான் அங்கே புனர்வாழ்வு. மரணத்திலும் மீண்டும் நோய் வருவதிலும் நிச்சயமான வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் அதில் சேர்ந்தவர்கள் தங்கள் உடல்நிலை நல்லது என்று உணர்ந்தார்கள், பழைய வேலைகளுக்கும் கூடுதலாகத் திரும்பினார்கள். விலையுயர்ந்த கருவி இல்லாமலும் ஏதாவது செய்யலாம் என்பதற்கு இது உதாரணம்.

நம் நாட்டில் அரச ஆஸ்பத்திரிகளில் நேரும் மரணங்களுக்கு முதற் காரணம் இருதயக் குழாய் நோய். இலங்கையும் சேர்ந்த ஒரு சர்வதேச ஆய்வின்படி தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53. மற்ற நாட்டவர்களுக்கு ஏறத்தாழ 59. அதாவது பிள்ளைகள் படித்து முடிக்கும் முன்பே வருகிறது. அந்த மனிதர் எழும்பி வேலைக்குப் போவாரா இல்லையா என்பதில் ஒரு குடும்பத்தின் சோறு தங்கியிருக்கிறது.

நான் வைத்தியர் இல்லை. அதனால் கிளினிக்கில் எங்களுக்குச் சொல்லித் தந்ததை மட்டும் தருகிறேன்:

1. டொக்டரைக் கேட்காமல் எதையும் தொடங்க வேண்டாம். "எப்போ நடக்கலாம், எவ்வளவு நடக்கலாம், படி ஏறலாமா?" என்று நீங்களே கேளுங்கள். இயன்மருத்துவரிடம் அனுப்ப முடியுமா என்றும் கேளுங்கள்.

2. முதலில் வீட்டுக்குள், ஐந்து நிமிடம். கூட்டுவது கொஞ்சம் கொஞ்சமாக.

3. நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு கதைக்க முடிய வேண்டும். கதைக்க மூச்சு போதாவிட்டால் வேகம் கூடிவிட்டது.

4. நெஞ்சு இறுக்கம், தலைச்சுற்று, வழக்கத்துக்கு மீறிய மூச்சு வாங்கல், படபடப்பு வந்தால் உடனே நின்று உட்கார வேண்டும். நாக்குக்குக் கீழே வைக்கும் குளிசை தந்திருந்தால் அது சட்டைப் பையில் இருக்க வேண்டும். வலி நிற்காவிட்டால் 1990 அம்பியூலன்ஸ்.

5. வயிறு நிறையச் சாப்பிட்ட உடனேயும் உச்சி வெயிலிலும் நடக்க வேண்டாம்.

வாப்பா எப்படித் தொடங்கினார் தெரியுமா? முதல் நாள் கேட் வரை. ஒரு கிழமையில் ஒழுங்கை முனை வரை. பிறகு மெரின் டிரைவில் ஒரு லைட் போஸ்டில் இருந்து அடுத்த லைட் போஸ்ட் வரை, நான் பின்னால் ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு. பார்த்தவர்கள் சிரித்தார்கள். மூன்றாம் மாதம் அஸர் தொழுகைக்குப் பள்ளிக்கு நடந்தே போனார். அன்று அவர் நின்று தொழுததை வீட்டில் வந்து சொன்னதும் உம்மா அழுதுவிட்டார். எக்கோவில் 38ஆக இருந்த ஈ.எப். ஆறு மாதம் கழித்து 44. அது நடையால் மட்டும் வந்தது என்று சொல்ல மாட்டேன், குளிசைகளும் காலமும் சேர்ந்துதான். ஆனால் "வழியில விழுந்துட்டா?" என்ற கேள்வியை விரட்டியது நடைதான்.

இப்போது சில ஞாயிறுகளில் வாப்பாவைக் காலிமுகத்திடலுக்குக் கூட்டிப் போகிறேன். அங்கே ஒரு பழைய கல் இருக்கிறது. 1859இல் ஆளுநர் ஹென்றி வார்ட் கட்டி முடித்த நடைபாதை இது, கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலனுக்காகப் பின்வருபவர்கள் இதைக் காக்க வேண்டும் என்ற கருத்து அதில் பொறித்திருக்கிறது. நடப்பதற்கென்றே இந்த ஊரில் 160 வருடத்துக்கு மேலாக இடம் இருக்கிறது.

கொட்டாஞ்சேனை நண்பனுக்கு இதையெல்லாம் அன்றே சொன்னேன். நேற்று இரவு அவன் அனுப்பிய செய்தி: டொக்டரிடம் மறுபடி கேட்டார்களாம். அம்மா இன்று முன்னறையில் இருந்து பின் வாசல் வரை இரண்டு தரம் நடந்தாராம். தேத்தண்ணீர் தானே ஊற்றிக் குடித்தாராம்.

சுகம் விசாரிக்கப் போவது நம் மார்க்கத்தில் ஒரு கடமை, எல்லாச் சமூகத்திலும் நல்ல பழக்கம். அடுத்த முறை ஒரு இருதய நோயாளியைப் பார்க்கப் போனால் "அசையாதீங்க" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். "டொக்டர் எவ்வளவு நடக்கச் சொன்னார்? வாங்க, நானும் வாறேன்" என்று சொல்லுங்கள்.

அல்லாஹ் நம் பெற்றோருக்கு ஆரோக்கியத்தையும், அவர்களோடு கூட நடக்கும் பாக்கியத்தை நமக்கும் தருவானாக. ஆமீன்.

வீட்டில் இப்படி ஒரு கட்டில் இருக்கிறவர்களுக்கு இதைப் பகிர்ந்துவிடுங்கள்.